உடைந்த பாகத்தை மாற்றுவதா, கெட்ட காரணத்தைத் தேடுவதா?

(பழைய பந்தயக் கார்களின் இஞ்சின் சேதத்தைக் கண்டறிவது பற்றி, காஹாங்கில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கார் பந்தயத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுப் பழைய காரின் அடியில் படுத்துக் கிடக்கிறார்களே என்று கவலைப்படும் தாய்மார்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். காரின் அடியில் படுத்துக் கிடப்பது குற்றமல்ல. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் படுத்துக் கிடப்பதுதான் நஷ்டம்.

காஹாங், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். எண்டாவ் ரோம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் இந்த வழியாகத்தான் காட்டுப் பாதையில் நுழைகிறார்கள். லோரி, டிராக்டர், தண்ணீர்ப் பம்பு, மின்சார ஜெனரேட்டர் என்று இஞ்சின் இல்லாமல் இங்கே ஒரு நாள் வேலை ஓடாது. ஆகவே இஞ்சினைப் புரிந்துகொள்வது நமக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, சோறு போடும் தொழிலும் கூட.

டிராக் பந்தயம் என்றால் என்ன?

டிராக் பந்தயம் என்பது வளைவே இல்லாத பந்தயம். நேரான பாதை. தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற நிலையிலிருந்து கிளம்பி யார் முதலில் போய்ச் சேருகிறார் என்பதுதான் போட்டி. அமெரிக்காவில் தெருவில் ஓடிக்கொண்டிருந்த இளைஞர்களை ஒழுங்கான தடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அந்த விளையாட்டின் வரலாறே தெருவிலிருந்து தடத்துக்கு வந்த வரலாறுதான்.

நம் தமிழர்களுக்கும் இது அந்நியமில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. அதை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்தது. வெளிநாட்டு உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்காத காலம் அது. ஃபியட், ஹெரால்ட், அம்பாசடர் போன்ற சாதாரண வீட்டுக் கார்களையே திருத்தி ஓட்டினார்கள். கோயம்புத்தூர்க்காரரான கரிவரதன் தாமே பந்தயக் கார்களை உருவாக்கினார். 1995இல் அவர் விமான விபத்தில் காலமானார். 2003இல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பாகம் கிடைக்காத ஊரில் ஒரு பாகம் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்தே ஆகவேண்டும். வாங்கி மாட்டினால் போதும் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

நம் நாட்டில் இன்று அந்த நிலைமை பழைய கார்களுக்கு வந்திருக்கிறது. டாட்சன் 120வை, பழைய கொரோலா, மினி, எஸ்கார்ட் ஆகியவற்றின் இஞ்சின் பிளாக்கு புதிதாகக் கிடைப்பது எளிதல்ல. ஒரு பிளாக்கு வெடித்துப் போனால், அந்தக் காரின் வரலாற்றில் பாதி போய்விடுகிறது.

முதல் வேலை: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இஞ்சினில் ஏதோ சத்தம். வேகம் குறைகிறது. புகை வருகிறது. உடனே நாம் என்ன செய்கிறோம்? இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்து பார்க்கிறோம். இதுதான் மிகப் பெரிய தவறு. சேதமடைந்த இஞ்சினில் ஒவ்வொரு சுற்றும் சாட்சியத்தை அழிக்கிறது. நூறு வெள்ளியில் முடிந்திருக்கக்கூடிய வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான்.

இன்னொரு தவறு, கழுவுவது. எண்ணெய் எங்கே கசிந்தது, கரி எங்கே படிந்தது, தண்ணீர் எங்கே காய்ந்தது என்பதெல்லாம் அந்த அழுக்கில் எழுதியிருக்கிறது. முதலில் படம் எடுங்கள். பிறகு கழுவலாம்.

மூன்றாவதாக, ஓட்டியவரை உட்கார வைத்துக் கேளுங்கள். சத்தம் எப்போது வந்தது? கிளம்பும்போதா, மூன்றாவது கியரிலா, இலக்கைத் தாண்டி பிரேக் போட்டபோதா? எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எங்கே நின்றது? கியர் தவறி விழுந்ததா? புகை நீலமா, வெள்ளையா, கருப்பா? நீலம் என்றால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடான இஞ்சினில் விடாமல் வரும் வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. கருப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. மருத்துவர் நாடியைப் பிடிக்கும் முன்பே வாயைக் கேட்கிறார் அல்லவா? அதே வரிசைதான் இங்கும்.

பிரிக்காமலே தெரியும் உண்மைகள்

இஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே முக்கால்வாசி உண்மையைத் தெரிந்துகொள்ள முடியும்.

எண்ணெயை ஒரு சுத்தமான பாத்திரத்தில் இறக்கி, மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. துணியில் துகள் தங்கினால் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. அது கேம் தண்டோ, டேப்பெட்டோ, ரிங்கோ, கிராங்க் தண்டோ ஆக இருக்கலாம். ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறமாகவோ மின்னினால் பேரிங்கையும் பிஸ்டனையும் சந்தேகப்படுங்கள். எண்ணெய் ஃபில்டரையும் அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்துப் பாருங்கள். அதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகள். கழற்றியதும் எந்தச் சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று வரிசையாக அடுக்கி வையுங்கள். கலந்துவிட்டால் பயனில்லை. வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியது போல் சிறு புள்ளிகளோ, பளபளக்கும் அலுமினியப் பொட்டுகளோ இருந்தால், பிஸ்டன் உருகவோ உடையவோ தொடங்கியிருக்கிறது என்று பொருள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கு அல்லது வால்வு வழியாக எண்ணெய் ஏறுகிறது. பிளக்கின் கம்பி நசுங்கியிருந்தால் உள்ளே ஏதோ ஒன்று அதை அடித்திருக்கிறது. அப்படியிருந்தால் இஞ்சினைச் சுழற்றவே கூடாது. நேரே பிரிக்க வேண்டியதுதான்.

இஞ்சின் கையால் தடையின்றிச் சுழல்கிறதா, உலோகத் துகள் ஏதும் இல்லையா என்று உறுதி செய்த பிறகே அழுத்தச் சோதனை. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறி இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதுங்கள். ஒன்றில் மட்டும் குறைவாக இருந்தால், அதில் ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ. அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்களும் குறைவாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று முதலில் நினைக்கலாம்.

காற்றுப் பம்பு உள்ளவர்கள் இன்னொரு படி போகலாம். பிஸ்டனை மேல் உச்சியில், வால்வுகள் மூடிய நிலையில் நிறுத்தி, கிராங்க் சுழலாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் காற்றைச் செலுத்துங்கள். பிறகு காதைக் கொடுங்கள். கார்புரேட்டரில் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு. புகைக்குழாயில் சீறினால் வெளியேற்றும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கு அல்லது பிஸ்டன். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். இன்று கைப்பேசியில் இணைக்கும் சிறு கேமராக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பிளக் துளை வழியாகவே பிஸ்டனின் தலையைப் பார்த்துவிடலாம்.

முன்பெல்லாம் தோட்டத்துத் தொழிற்சாலையில் இஞ்சின் பார்த்த பெரியவர்கள், இரும்புக் கம்பியின் ஒரு முனையை இஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். எந்தப் பேரிங் முனகுகிறது என்று சொல்லிவிடுவார்கள். கருவி மாறியிருக்கிறது. காது கொடுக்கும் பொறுமை மாறக்கூடாது.

பேரிங் சொல்லும் கதை

இப்போது இஞ்சினைப் பிரித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் அடையாளம் போட்டு, எடுத்த வரிசையிலேயே மேசையில் பரப்புங்கள். இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. கடைசியாக உடைந்தது எது என்பதல்ல கேள்வி. முதலில் கெட்டது எது?

கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துவிட்டது. பார்த்தவுடன் "ராடு சரியில்லை" என்கிறோம். ஆனால் ராடு பெரும்பாலும் பலியானவர்தான், குற்றவாளி அல்ல. எல்லா ராடு பேரிங்குகளும் தேய்ந்து, செம்பு தெரிந்து, வெப்பத்தால் நீலம் பாய்ந்திருந்தால், எண்ணெய் வரவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு பேரிங் மட்டும் கெட்டிருந்தால் அந்த இடத்து அளவிலோ, துளை அடைப்பிலோ, போல்ட் முறுக்கலிலோ கோளாறு. ராடு பேரிங்கின் மேல் பாதி அதிகம் அடி வாங்கியிருந்தால், சிலிண்டருக்குள் எரிப்பு முரட்டுத்தனமாக நடந்திருக்கிறது. கீழ்ப் பாதி, அதாவது மூடிப் பக்கம், அதிகம் அடி வாங்கியிருந்தால் இஞ்சினை அளவுக்கு மீறிச் சுழற்றியிருக்கிறார்கள்.

அளவுக்கு மீறிச் சுழற்றுவது என்றால் எவ்வளவு? டாட்சன் 120வையில் இருக்கும் ஏ12 இஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1171 சிசி. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 70 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 7000 சுற்றில் அந்தப் பிஸ்டன் ஒரு விநாடிக்கு 116 தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. உச்சியில் நின்று திரும்பும் கணத்தில், புவியீர்ப்பைப் போல் 2000 மடங்குக்கு மேலான இழுவை அதன் மீது விழுகிறது. 300 கிராம் எடையுள்ள பிஸ்டன், அந்தக் கணத்தில் 600 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டது போல ராடை இழுக்கிறது. 7000 என்பதை 8000 ஆக்கினால் சுமை ஏழில் ஒரு பங்குதான் கூடும் என்று நினைக்காதீர்கள். அது சுமார் 30 விழுக்காடு கூடுகிறது. ஒரு தடவை கியர் தவறினால் போதும். ராடு போல்ட் நீண்டுவிடும். அன்று உடையாது. இரண்டு வாரம் கழித்து உடையும். நாம் அன்றைக்குப் போட்ட எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

எண்ணெய் இருந்தும் தாகம்

எண்ணெய் வரவில்லை என்றால், "அளவு சரியாகத்தான் இருந்தது" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். 402 மீட்டரை 15 விநாடியில் கடக்கும் காரின் சராசரி முடுக்கத்தைக் கணக்கிட்டால், எண்ணெய்த் தொட்டியில் எண்ணெயின் மட்டம் ஏறக்குறைய 20 டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது. தடுப்பு இல்லாத 40 சென்டிமீட்டர் நீளத் தொட்டியில், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 14 சென்டிமீட்டர் வேறுபாடு. கிளம்பும் கணத்தில் இன்னும் அதிகம். உறிஞ்சும் குழாய் முன்புறத்தில் இருந்தால், பம்பு எண்ணெயை விட்டுக் காற்றைக் குடிக்கும். குழாய் பின்புறத்தில் இருந்தால், இலக்கைத் தாண்டிப் பலமாகப் பிரேக் போடும்போது அதே கதை. அதனால்தான் சத்தம் எப்போது வந்தது என்று முதலிலேயே கேட்கச் சொன்னேன்.

இந்த நிலையில் புதுப் பேரிங் வாங்கி மாட்டினால் என்ன ஆகும்? மூன்றாவது ஓட்டத்தில் அதுவும் போகும். தேவைப்படுவது பேரிங் அல்ல. தொட்டிக்குள் தடுப்புத் தகடு.

எண்ணெயின் வகையும் முக்கியம். ஏ12 போன்ற பழைய இஞ்சின்களில் கேமும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று உரசியபடியே இயங்கும். அந்த உரசலைத் தாங்க எண்ணெயில் துத்தநாக, பாஸ்பரஸ் கலவை வேண்டும். புகைக்குழாயில் உள்ள மாசு வடிப்பானைக் காப்பாற்ற, புதிய தர எண்ணெய்களில் அந்தக் கலவையைக் குறைத்துவிட்டார்கள். விலை உயர்ந்த புது எண்ணெய் என்பதாலேயே அது பழைய இஞ்சினுக்கு நல்லது என்று எண்ணிவிட முடியாது.

பிஸ்டனின் காயங்கள்

பிஸ்டனில் இரண்டு வகைக் காயங்களைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். பிஸ்டன் தலையின் ஓரத்தில் எறும்பு அரித்தது போல் சிறு குழிகள், ரிங்கைத் தாங்கும் வரம்பு உடைந்திருப்பது – இது வெடியெரிப்பு. தீப்பொறி விழுந்த பிறகு, மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிப்பது. தீப்பொறி நேரம் மிகவும் முந்தி வைத்தது, ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டியது, அதற்கேற்ற ஆக்டேன் இல்லாத பெட்ரோல், கலவையில் பெட்ரோல் குறைவு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். 2009இல் ரோன் 92க்குப் பதிலாக ரோன் 95 வந்தது. ஆனாலும் அளவுக்கு மீறிச் சீவிய ஹெட்டுக்கு அது போதாமல் போகலாம்.

பிஸ்டனின் நடுவில் மெழுகு உருகியது போல் ஓட்டை விழுந்திருந்தால், அது பெரும்பாலும் முன்னெரிப்பு. தீப்பொறி விழும் முன்பே, ஏதோ ஒரு சூடான முனை கலவையைப் பற்ற வைத்துவிடுகிறது. தவறான வெப்ப அளவுள்ள பிளக், கனன்று நிற்கும் கரி, கேஸ்கெட்டின் நீட்டிய விளிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். கலவையில் பெட்ரோல் ஏன் குறைந்தது என்று தேடிப்போனால், பல நேரங்களில் பழைய பெட்ரோல் தொட்டியின் துருவில் போய் நிற்போம். சில வெள்ளி விலையுள்ள ஃபில்டர் அடைத்திருக்கும். பலியானதோ முழு இஞ்சின்.

இவ்வளவும் பார்த்த பிறகு, மீண்டும் பொருத்தப்போகும் பாகத்தில் விரிசல் உண்டா என்று சோதியுங்கள். இரும்புப் பாகங்களுக்குக் காந்தத் துகள் சோதனை. அலுமினியத்துக்குச் சாய ஊடுருவல் சோதனை. கண்ணால் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும் வேலை பந்தய இஞ்சினுக்கு ஆகாது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? இது பணத்தோடு முடிகிற விஷயமல்ல. 1970ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், கலிபோர்னியாவில் டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற டிராக் பந்தய வீரரின் காரில் கியர்பெட்டி வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அவர் வேறு கியர்பெட்டி வாங்கி மாட்டியதோடு நிற்கவில்லை. வெடிக்கக்கூடிய இயந்திரங்களுக்குப் பின்னால் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதுதான் மூலக் கோளாறு என்று முடிவு செய்தார். இஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் புதுக் கார் கட்டினார். 1971இல் அந்தக் காரில் வென்று காட்டினார். பிறகு அந்த வகுப்பே அந்த வடிவத்துக்கு மாறியது. காரணத்தைத் தேடிய ஒருவரால் எத்தனை பேர் உயிர் பிழைத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2008 ஜூன் மாதம் ஸ்காட் கலிட்டா என்ற வீரர், ஓட்டத்தின் இறுதியில் இஞ்சின் வெடித்த விபத்தில் உயிரிழந்தார். அதன்பின் அதிவேக வகுப்புகளின் தூரம் 1000 அடியாக, அதாவது 305 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மருத்துவக் குழு, தடுப்புச் சுவர், தீயணைப்பு எல்லாம் உள்ள தடத்திலேயே இந்த நிலை என்றால், எதிரே ஒரு குடும்பம் மோட்டார்சைக்கிளில் வரக்கூடிய பொதுச்சாலையில் என்ன ஆகும்? 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பொறுப்பற்ற, ஆபத்தான ஓட்டுதலுக்குச் சிறைத்தண்டனை வரை கொண்டுபோகிறது. சட்டத்துக்குப் பயந்து அல்ல, நம் சாலையில் நடமாடுபவர் நம் வீட்டு மனிதர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். காரைத் திருத்துங்கள். ஆனால் ஓட்டுவதற்கு அனுமதி பெற்ற தடத்துக்குக் கொண்டுபோங்கள்.

நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள்

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வெள்ளி கொடுத்து ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஒரு பக்கம். என்ன சத்தம், எப்போது வந்தது, அழுத்தம் எவ்வளவு, எண்ணெயில் என்ன இருந்தது, முதலில் கெட்டது எது, எதனால் கெட்டது என்று எழுதுங்கள். அமெரிக்காவின் அதிவேக வகுப்புக் குழுக்கள், சில விநாடி ஓடிய இஞ்சினை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துக் குறிப்பெடுக்கின்றன. அவர்களிடம் இருக்கும் பணம் நம்மிடம் இல்லை. அந்தப் பழக்கத்துக்குப் பணம் தேவையில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு இஞ்சினில் ஆர்வம் இருந்தால் திட்டாதீர்கள். முறையான தொழிற்பயிற்சிக்கு அனுப்புங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது. பாகம் மாற்றத் தெரிந்தவருக்கு நாள் கூலி கிடைக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத் தேடி வேலை வரும்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, உங்களிடம் வேலை கற்க வரும் பையனிடம் முதல் நாளே ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள். கெட்டுப்போன நான்கு பேரிங்குகளைக் கொடுத்து, "இவை ஏன் கெட்டன, சொல் தம்பி" என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதில் தவறாக இருந்தாலும் பரவாயில்லை. அவன் யோசிக்கத் தொடங்கியிருப்பான்.